எண்ணிக்கை சொல்லாத டோஜோ

ஜப்பானின் தெற்கே இருக்கிற ஒகினாவா தீவுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து கராத்தே நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அங்கே புதுசா என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" இங்கே யாருக்கும் தெரியாத ஒரு கட்டா (வரிசையாகக் கோர்த்த அசைவுத் தொடர்), ரகசியமான ஒரு பிடி, ஏதாவது ஒன்றைச் சொல்வேன் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உண்மையைச் சொன்னால், புதிதாக ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நான் வகுப்பில் சொல்லித் தருகிற அதே கெகிசாய், சான்சின் கட்டாக்கள், அதே நேர்குத்து. ஆனால் அவற்றைப் பழகுகிற முறை அங்கே அடியோடு வேறு. அந்த முறையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். நம் ஊரில் கராத்தே கற்றுத் தருகிறவர்களும், பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்புகிற பெற்றோரும் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது என்று மனதாரத் தோன்றுகிறது.

முதலில் நான் போன 'தலைமையகம்' பற்றி ஒரு விஷயம். நான் பழகுவது கோஜு ரியு என்ற கராத்தே பாணி. இதை உருவாக்கியவர் ஒகினாவாவின் நாஹா நகரத்துக்காரரான மியாகி சோஜுன். 1888-இல் பிறந்து 1953-இல் மறைந்தார். எல்லோரும் ஏற்றுக்கொள்ளும்படி ஒருவரை வாரிசாக நிறுத்திவிட்டு அவர் போகவில்லை. அதனால் மாணவர்கள் ஆளுக்கொரு டோஜோ, அதாவது பயிற்சிக்கூடம், கட்டினார்கள். யாகி மெய்தோக்கு மெய்புகானை ஆரம்பித்தார், தோகுச்சி செய்கிச்சி ஷோரெய்கானை ஆரம்பித்தார், மியாசாதோ எய்இச்சி ஜுண்டோகானைக் கட்டினார். டோக்கியோ பக்கம் யாமாகுச்சி கோகென் தனியாக ஓர் அமைப்பை வளர்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹோம்பு, அதாவது தலைமை டோஜோ உண்டு. இதில் எது அசல் என்று உலகம் முழுக்க ஓயாமல் சண்டை நடக்கிறது. எனக்கு அந்தச் சண்டையில் ஈடுபாடு இல்லை. என் ஆசிரியரின் வழி ஜுண்டோகானுக்குப் போகிறது, அதனால் நான் அங்கே போனேன். அவ்வளவுதான்.

நாஹாவில் அசாட்டோ என்ற பகுதியில், மோனோரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், வீடுகளுக்கு நடுவே இருக்கிறது ஜுண்டோகான். நிலையத்துக்குப் பக்கத்திலேயே சகாயெமாச்சி என்ற பழைய சந்தை. காய்கறிக் கடை, மீன் கடை, ராத்திரி ஆனால் சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைகள் என்று எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள இடம். டோஜோவை நிறுவிய மியாசாதோ போலீஸ் வேலையில் இருந்தவர், ஜூடோவிலும் பெரிய ஆள். மியாகி தன் கடைசிக் காலத்தில் ட்சுபோயாவில் வீட்டுத் தோட்டத்திலேயே வைத்துத்தான் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். அவர் மறைந்த பிறகும் அங்கே பயிற்சி நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவர் மியாசாதோ. அப்புறம் 1957-இல் அசாட்டோவில் இந்த டோஜோவைத் திறந்தார். ஆசிரியர் பயன்படுத்திய பயிற்சிக் கருவிகள் அவரிடம் வந்து சேர்ந்தன. 1999-இல் அவர் மறையும்வரை அதுதான் அவர் உலகம்.

சரி, உள்ளே போவோம்.

மாலையில் ஆட்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி, நுனி வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி வைக்கிறார்கள். குனிந்து வணங்கி 'ஒனெகாய்ஷிமாஸ்' என்று சொல்லி உள்ளே நுழைகிறார்கள். உடை மாற்றிக்கொண்டு ஓர் இடத்தைப் பிடிக்கிறார்கள். வரிசை கட்டி நிற்பது, விசில், 'இச், நி, சான்' (ஒன்று, இரண்டு, மூன்று) என்ற கத்தல் எதுவும் கிடையாது. குழுவாக வகுப்பு நடக்கிற நேரங்களும் உண்டு. ஆனால் அந்த இடத்தின் உயிர் இப்படித் தனித்தனியாக நடக்கிற பயிற்சியில்தான் இருக்கிறது. ஒருவர் மூலையில் கால்விரல்களைத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிறார். மியாகி வகுத்த ஆயத்தப் பயிற்சி கால்விரலில் தொடங்கி, கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மேலே ஏறிக் கழுத்தில் போய் முடியும். இன்னொருவர் கண்ணாடி முன்னால் ஒரே ஒரு திருப்பத்தை மட்டும் திரும்பத் திரும்பச் செய்கிறார். சுவரோரம் ஒருத்தர் ஜாடி தூக்கி நடக்கிறார். ஒருவரை ஒருவர் யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு முதல் நாள் கொஞ்சம் திக்குத் தெரியாத மாதிரிதான் இருக்கும். யார் சொல்லித் தருவார்கள், எப்போது ஆரம்பிக்கும், நான் எங்கே நிற்கணும்? யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நீங்களாகவே ஆரம்பிக்க வேண்டும். நான் ஒரு மூலையில் நின்று சான்சின் செய்யத் தொடங்கினேன். மூத்தவர்கள் கண் எல்லாம் எங்கேயோ இருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள் என்பது, எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் நேராக என்னிடம் நடந்து வந்தபோது தெரிந்தது. அவர் என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. என் வலது முழங்கையை இரண்டு விரலால் பிடித்து, ஓர் அங்குலம் உள்ளே தள்ளினார். 'மோ இச்சிடோ' என்றார். இன்னொரு தடவை. செய்தேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அவர் சொல்லித் தந்த பாடம் அவ்வளவுதான். அந்த ஓர் அங்குலத்தை வைத்துக்கொண்டு மிச்ச நேரம் முழுக்க நான் நின்றேன். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு திருத்தம். அதை உடம்பு வாங்கிக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது வரும்.

சான்சின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இதைவிட எளிய கட்டா இருக்க முடியாது. சில அடி முன்னே, திரும்பி மறுபடியும் சில அடி, கொஞ்சம் குத்து, கடைசியில் இரண்டு கையாலும் வட்டமான ஒரு தடுப்பு. உதை இல்லை, தாவல் இல்லை. கால் தோள் அகலத்துக்கு இருக்கும். முன்காலின் குதிகாலும் பின்காலின் பெருவிரலும் ஒரே கோட்டில் வரும். பாத நுனி லேசாக உள்ளே திரும்பி, விரல்கள் தரையைக் கவ்விப் பிடிக்கும். வால் எலும்பை உள்ளே மடக்கி, முதுகை நிமிர்த்தி, தோளைக் கீழே போட வேண்டும். மூச்சு மூக்கால் உள்ளே போய் வாயால் வெளியே வரும். உடம்பு முழுக்க இறுக்கம், ஆனால் அந்த இறுக்கம் கழுத்துக்கு ஏறக் கூடாது. இதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். இறுக்கச் சொன்னால் மனுஷ உடம்பு முதலில் தோளைத்தான் தூக்கும்.

மேல்சட்டையைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்வார்கள். எந்தத் தசை வேலை செய்கிறது, எது தூங்குகிறது என்று பார்ப்பதற்குத்தான். அப்புறம் 'ஷிமே' என்கிற சோதனை. மூத்தவர் பின்னால் நின்று இரண்டு தோளிலும் உள்ளங்கையால் தட்டுவார், தொடையை அழுத்திப் பார்ப்பார், விலாவில் கை வைப்பார். இணையத்தில் இதைப் பளார் பளார் என்று அடிக்கிற காட்சியாகப் பலர் பார்த்திருப்பீர்கள். நான் அங்கே பார்த்தது அப்படி இல்லை. மருத்துவர் வயிற்றில் தட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரி ஒரு தட்டல். சத்தம் எப்படி வருகிறது, தசை எப்படித் திருப்பிச் சொல்கிறது என்று கேட்கிற கை.

அந்தப் பெரியவர் ஒருநாள் என் கையை எடுத்துத் தன் அக்குளுக்குக் கீழே, விலாவின் பின்பக்கம் வைத்துக்கொண்டார். வைத்தபடியே ஒரு குத்து விட்டார், மிக மெதுவாக. கை நகர்வதற்கு முன்னாலேயே அந்த இடத்தில் ஏதோ ஒன்று கீழே இறங்கி உட்கார்ந்ததை என் உள்ளங்கை உணர்ந்தது. அது உட்கார்ந்த பிறகுதான் முஷ்டி கிளம்பியது. கண்ணால் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கவே தெரியாது. வீடியோவில் நூறு முறை ஓட்டிப் பார்த்தாலும் தெரியாது. ஒகினாவாவுக்கு ஏன் போக வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்த உள்ளங்கைக்காக என்றுதான் சொல்வேன். உடம்பிலிருந்து உடம்புக்கு மட்டுமே கடத்தக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன. அதற்கு இரண்டு பேர் ஒரே அறையில் நிற்க வேண்டும். வரிசையில் ஐம்பது பேர் நின்றால் அது நடக்காது.

அப்படியென்றால் நாம் வரிசையில் நிற்பது எங்கிருந்து வந்தது? இதுவும் ஒகினாவாவிலிருந்தே வந்ததுதான். இதோசு அன்கோ என்ற ஷுரி நகரத்து ஆசான் 1901-இல் ஒரு தொடக்கப் பள்ளியில் கராத்தேவை உடற்பயிற்சியாகக் கொண்டுவந்தார். 1908-இல் பத்து அம்சங்கள் கொண்ட ஒரு கடிதத்தை எழுதிக் கல்வித் துறையின் கவனத்துக்குக் கொண்டுபோனார். சின்ன வயதிலேயே இதைப் பழக்கினால் பிற்காலத்தில் ராணுவத்துக்கும் பயன்படும் என்பது அதில் அவர் சொன்ன ஒரு வாதம். பள்ளியில் நாற்பது, ஐம்பது பையன்களை ஒரே நேரத்தில் ஒருவர் கட்டி மேய்க்க வேண்டும். அதற்கு வரிசையும் எண்ணிக்கையும் தேவைப்பட்டன. கடினமான கட்டாக்களை உடைத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி பினான் கட்டாக்களை அவர் அமைத்ததும் இதற்காகத்தான். 1922-இல் ஃபுனாகோஷி கிச்சின் என்ற ஒகினாவா ஆசான் டோக்கியோவுக்குப் போய் அங்கேயே தங்கினார். பல்கலைக்கழகங்களில் மன்றங்கள் முளைத்தன. அந்தக் காலத்து ஜப்பானில் மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி சாதாரணம். அந்த வாசனை கராத்தேவிலும் ஏறியது. நம் ஊருக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் அந்த வடிவம்தான்.

இதோசுவை நான் குறை சொல்லவில்லை. அவர் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்திருக்காவிட்டால் ஒகினாவாவைத் தாண்டிக் கராத்தே வந்திருக்குமா என்பதே சந்தேகம். மியாகியும் 1940-இல் கெகிசாய் கட்டாக்களை உருவாக்கியபோது புதியவர்களையும் மாணவர்களையும் மனதில் வைத்துத்தான் செய்தார். வரிசை வகுப்பு ஒரு நல்ல வாசல். என் வருத்தம் எல்லாம், நாம் அந்த வாசலிலேயே முப்பது வருஷமாக நின்றுகொண்டிருக்கிறோம் என்பதுதான். பிளாக் பெல்ட் வாங்கிய பிறகும் ஒருவன் யாராவது எண்ணினால்தான் கை நீட்டுகிறான் என்றால், அவனுக்கு நாம் எதைக் கொடுத்தோம்?

மியாகி கற்றுக் கொடுத்த முறை பற்றி அங்கே பெரியவர்கள் சொல்வதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். வருஷக்கணக்கில் சான்சின் மட்டும். அப்புறம் அந்த ஆளின் உடல்வாகைப் பார்த்து ஒன்றோ இரண்டோ கட்டா. ஒருவருக்குச் செய்யுன்சின், இன்னொருவருக்குச் செபாய், வேறொருவருக்குக் குருருன்ஃபா. எல்லோருக்கும் எல்லாமும் என்ற பேச்சே இல்லை. அவர் யாருக்கும் டான் பட்டம் (பிளாக் பெல்ட் நிலை) கொடுத்ததும் இல்லை. பெல்ட் முறை ஜூடோவிலிருந்து வந்தது. ஃபுனாகோஷி 1924-இல் டோக்கியோவில் முதல்முறையாகக் கராத்தேயில் டான் வழங்கினார். கோஜு ரியுவில் அது மியாகி காலத்துக்குப் பிறகு நுழைந்ததுதான். இன்று நம் ஊரில் மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், அதற்கு ஒரு கட்டணம், சான்றிதழுக்குத் தனிக் கட்டணம், போட்டோவுக்குத் தனி. இந்த ஓட்டத்தில் சான்சினுக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்? வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் வாடகை, குடும்பம் எல்லாம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆனாலும் பெல்ட் நிறத்தையே பாடத்திட்டமாக வைத்துக்கொள்வது பிள்ளைகளுக்கு நாம் செய்கிற நியாயம் ஆகாது என்று திடமாக நம்புகிறேன்.

கருவிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தப் பயிற்சிக்கு ஹோஜோ உண்டோ என்று பெயர். கட்டாவுக்குத் துணையாக உடம்பைத் தயார் செய்கிற வேலை. சி-இஷி என்பது ஒரு கட்டையின் நுனியில் கல்லையோ சிமெண்டையோ கட்டியாக வைத்தது. கட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுவந்து, முன்னே நீட்டி நிறுத்த வேண்டும். எடை முழுக்க ஒரே பக்கம் இருப்பதால் மணிக்கட்டு கதறும். பூட்டு வடிவத்தில் கைப்பிடியோடு ஒரு கல், இரும்பில் செய்த செருப்பு, நீள்வட்டமாகப் பெரிய இரும்பு வளையம் என்று இன்னும் பல. அந்த வளையத்துக்குக் கொங்கோகென் என்று பெயர். 1934-இல் மியாகி ஹவாய் போயிருந்தபோது அங்கே மல்லர்கள் பயன்படுத்தியதைப் பார்த்துவிட்டு வந்து சேர்த்தார். பாரம்பரியம் என்று நாம் கும்பிடுகிற டோஜோவில் ஒரு ஹவாய்க் கருவி இருக்கிறது. நல்லதாகத் தெரிந்ததை எடுத்துக்கொள்ள அந்தப் பெரிய மனிதர் கூச்சப்படவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது நிகிரிகாமே, பிடி ஜாடி. கழுத்துப் பக்கம் விளிம்பு வைத்த இரண்டு மண் ஜாடிகள். விளிம்பை ஐந்து விரல் நுனியாலும் கவ்வி, கை இரண்டையும் உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, சான்சின் நிலையில் அடி மேல் அடி வைத்து நடக்க வேண்டும். பலம் ஏற ஏற உள்ளே மணல் கூடும். முதலில் விரல் போகும், அப்புறம் முன்கை எரியும், அதற்கு அப்புறம்தான் விஷயம் ஆரம்பிக்கும். விரல் தோற்றுப் போகிறபோது தோள் மேலே ஏறி உதவிக்கு வரப் பார்க்கும். ஏற விட்டால் ஜாடி ஆடும். தோளை இறக்கி, எடையை விலாவுக்குக் கொடுத்தால் ஜாடி நிற்கும். பெரியவர் தன் விலாவில் என் கையை வைத்துக் காட்டிய அதே இடம். ஜாடி வாய் திறக்காமல் அதையே சொல்லித் தருகிறது. ஆசிரியர் ஒரு நாளைக்கு ஒரு திருத்தம் சொல்லிவிட்டு ஏன் போய்விடுகிறார் என்பது அப்போது புரிந்தது. மிச்சத்தைச் சொல்ல ஜாடி இருக்கிறது, கல் இருக்கிறது, மகிவாரா இருக்கிறது.

மகிவாரா என்பது நட்டு வைத்த பலகை. அடியில் தடிமனாகவும் மேலே போகப் போக மெல்லிசாகவும் இழைத்திருப்பார்கள், அதனால் அடித்தால் வளைந்து கொடுத்துத் திரும்பி வரும். குத்துகிற இடத்தில் அந்தக் காலத்தில் வைக்கோல் கயிறு சுற்றுவார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டி மட்டும்தான் படணும். முட்டியைக் காய்ப்புக் காய வைக்கத்தான் இது என்று நினைக்கிறவர்கள் அதிகம். அங்கே கவனிப்பு எல்லாம் பலகை திருப்பி அனுப்புகிற அதிர்ச்சி எங்கே போகிறது என்பதில்தான். மணிக்கட்டு மடிந்தால் வலி சொல்லும். தோள் தூக்கினால் நீங்களே பின்னால் தள்ளப்படுவீர்கள். குதிகால்வரை போய்த் தரையில் இறங்கினால் பலகை வளைந்தபடியே ஒரு கணம் நிற்கும். பதின்வயதுப் பிள்ளைகளை ஆவேசமாக இதில் அடிக்க விடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். வளர்கிற எலும்பு அது.

இரண்டு பேர் சேர்ந்து செய்கிற பயிற்சியில் கக்கியே எனக்குப் புதையல் மாதிரி கிடைத்தது. எதிரெதிரே நின்று, முன்கையோடு முன்கை ஒட்டி, ஒருவர் தள்ள மற்றவர் வாங்கி, வாங்கியதைத் திருப்பித் தள்ள வேண்டும். கை பிரியவே கூடாது. சும்மா தள்ளுமுள்ளு போலத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் எதிராளி எந்தக் காலில் நிற்கிறார், எப்போது மூச்சு விடுகிறார் என்பதெல்லாம் முன்கை வழியாகத் தெரிய ஆரம்பிக்கும். அங்கிருந்துதான் பூட்டும் இழுப்பும் அடியும் கிளைக்கும். கோஜு ரியு கட்டாக்களில் பாதி அசைவுகள் ஏன் இவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. போட்டி விதிகளில் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டால் நடுவர் பிரித்து விடுவார். கோஜு ரியு அங்கேதான் தொடங்குகிறது.

போதிதர்மர் பற்றிக் கேட்பீர்கள், தெரியும். தமிழ்நாட்டில் கராத்தே என்று வாயெடுத்தாலே காஞ்சிபுரத்து இளவரசர் கதை வந்துவிடும். ஜப்பானிலும் அந்தக் கதை தெரியும், பழைய ஆசான்கள் சிலர் மரியாதையோடு எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் அவரைச் சீனச் சண்டைக் கலையோடு சேர்க்கிற உடற்பயிற்சி நூலே 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், அதாவது அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் பின்னால். கோஜு ரியுவின் வேர் இன்னும் பக்கத்தில், இன்னும் தெளிவாக இருக்கிறது. மியாகியின் ஆசிரியர் ஹிகாவோன்னா கன்ரியோ. அவர் சீனாவின் ஃபுஜியன் மாகாணத்து ஃபுசோ துறைமுக நகருக்குப் போய்க் கற்றுக்கொண்டு நாஹா திரும்பியவர். அந்த வழியில் ஒகினாவாவின் பழைய அரசான ரியுகியு ராஜ்ஜியத்துக் கப்பல்கள் பல நூற்றாண்டுகளாகப் போய் வந்துகொண்டிருந்தன. கலை கப்பலேறி வந்தது. அந்தக் கதையே போதுமான அளவு பெரியது, அதற்கு நாம் மகுடம் சூட்ட வேண்டியதில்லை.

ஒகினாவாவில் இருக்கும்போது இரண்டாம் உலகப் போர் உங்களை விடாது. 1944 அக்டோபர் 10-ஆம் தேதி நடந்த ஒரே நாள் விமானத் தாக்குதலில் நாஹா நகரத்தில் சுமார் 90 சதவீதம் எரிந்து போனது. அடுத்த வருஷம் வசந்தத்தில் தரைப் போர். தீவின் தெற்கே உள்ள அமைதி நினைவிடத்தில், இரு தரப்பிலும் இறந்தவர்கள் என்று 2,40,000-க்கும் மேற்பட்ட பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மியாகி பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தார். தனக்குப் பின் என்று அவர் நம்பியிருந்த மாணவர் ஷின்சாதோ ஜின்ஆன் 1945-இல் இறந்து போனார். கலையை உடம்பிலிருந்து உடம்புக்குக் கடத்துகிறோம் என்று மேலே எழுதினேனே, அந்த உடம்புகளில் எத்தனையோ அந்தச் சில மாதங்களில் மண்ணோடு போயின. மிஞ்சிய மியாகி சாம்பலான ஊருக்குத் திரும்பி வந்து, தோட்டத்தில் மறுபடியும் ஆரம்பித்தார். அந்தத் தோட்டத்திலிருந்து அசாட்டோவுக்கு, அங்கிருந்து அந்தப் பெரியவரின் விலாவுக்கு. இதை நினைத்துவிட்டு மறுநாள் டோஜோவில் நின்றால் சான்சின் வேறு மாதிரி கனக்கிறது.

2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டா பிரிவில் தங்கம் வாங்கிய கியுனா ரியோ ஒகினாவாக்காரர். அவர் பழகுவது ரியுஎய் ரியு என்ற வேறொரு பாணி. ஒகினாவா மண்ணுக்கு வந்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. போட்டி முடிந்ததும் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து வணங்கினார், மேடை ஏறும்போது அம்மாவின் படத்தைக் கையில் வைத்திருந்தார். போட்டிக் கராத்தே மீது எனக்கு எத்தனையோ மனக்குறை உண்டு. அன்றைக்கு எதுவும் தோன்றவில்லை, கண் நிறைந்து பார்த்தேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். நேராகப் போய் ஹோம்பு கதவைத் தட்டாதீர்கள். உங்கள் ஆசிரியரிடம் அறிமுகக் கடிதம் வாங்கி, முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். எந்த டோஜோவோடும் தொடர்பு இல்லாதவர்களுக்கு டோமிகுசுகுவில் 2017-இல் திறந்த ஒகினாவா கராத்தே கைகானில் தகவல் மையம் இருக்கிறது, வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். டிரெஸ் வெள்ளையாக, துவைத்ததாக, முதுகில் பெரிய எழுத்து எதுவும் இல்லாமல் இருக்கட்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். நம் வகுப்புகளில் எதற்கெடுத்தாலும் 'ஓஸ்' என்று கத்துவோம். அங்கே பழைய டோஜோக்களில் அது வழக்கம் இல்லை, ஜப்பானிய மொழியில் 'ஆம்' என்று பொருள்படும் 'ஹாய்' போதும். அனுமதி இல்லாமல் போனை எடுக்காதீர்கள். பயிற்சி முடிந்து தரை துடைக்கும்போது ஒதுங்கி நிற்காமல் ஒரு துணியை எடுத்துக்கொள்ளுங்கள். மே தொடங்கி ஜூன் பின்பாதிவரை மழைக்காலம், புழுக்கம் நம் கடலோர ஊர்களுக்குச் சளைத்ததல்ல. சைவக்காரர்களுக்குச் சாப்பாடு கஷ்டம், காய்கறிச் சாறு என்பார்கள், அதில் மீன் இருக்கும். ஆனால் பாகற்காயை அவர்கள் நம்மைவிட அதிகமாகவே சாப்பிடுகிறார்கள். டோஃபு சேர்த்து வதக்குவார்கள். அதில் பன்றி இறைச்சியும் முட்டையும் வழக்கமாக இருக்கும், வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

முக்கியமான இன்னொன்று. புதுக் கட்டா கேட்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைச் செய்து காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அவர்கள் வருவார்கள்.

திரும்பி வந்த பிறகு என் வகுப்பில் வெள்ளிக்கிழமை மாலையை மட்டும் மாற்றினேன். அன்றைக்கு எண்ணிக்கை கிடையாது. பிள்ளைகள் வந்து, வணங்கி, ஆளுக்கு ஓர் இடம் பிடித்து, தங்களிடம் இருக்கிற கட்டாவைச் செய்கிறார்கள். பெயிண்ட் வாளியில் சிமெண்ட் ஊற்றி, நடுவே கட்டையை நட்டு, எங்கள் தெருக் கொத்தனார் சி-இஷி செய்து கொடுத்தார். ஊறுகாய் ஜாடிகள் இரண்டில் ஆற்று மணல் போட்டிருக்கிறோம். நான் சுற்றி வந்து பார்க்கிறேன், ஆளுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆரம்பத்தில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் சைஃபா கட்டாவின் முதல் திருப்பத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்கிறாள். நான் பக்கத்தில் போனால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு பையனின் அப்பா வாசலில் நின்று கேட்டார்: "மாஸ்டர், பிள்ளைங்க பாட்டுக்குப் பண்ணிட்டிருக்காங்க. நீங்க கிளாஸ் எடுக்கலையா?"

"எடுத்துக்கிட்டுதான் சார் இருக்கேன். உள்ளே வந்து உட்காருங்க, உங்க பையன் இடது காலைப் பாருங்க" என்றேன். உட்கார்ந்தார். வகுப்பு முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. போகும்போது, "போன வாரம் அந்தக் கால் வெளியே போய்க்கிட்டு இருந்துச்சுல்ல?" என்றார். எல்லோரும் அவரைப் போல இல்லை. பெல்ட் எப்போது என்று கேட்டுவிட்டு வேறு வகுப்புக்கு மாறிப் போனவர்களும் உண்டு. இருக்கிறவர்களோடு வெள்ளிக்கிழமை தொடர்கிறது. அடுத்த மாதம் பெரிய பிள்ளைகளுக்குக் கக்கியே ஆரம்பிக்கிறோம்.